மெய்யும் போலியும் கண்ட ரசிகமணி

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றால மலையில் சாரல் விழும். ஆனி, ஆடித் திங்கள்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடுவதற்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். அருவிக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் கடைகள் நிறைந்திருக்கும். மங்குஸ்தான் பழமும், நேந்திரங்காய் வறுவலும், சிறுவர்க்கான விளையாட்டுப் பொருள்களும் விற்கும் அக்கடைகளுக்கு நடுவே கைக்கடிகாரம் விற்பவரையும் காணலாம். அவர் விரித்து வைத்திருக்கும் கடிகாரங்களுள் சிலவற்றின் முகத்தில் சுவிட்சர்லாந்து நாட்டின் புகழ்மிக்க நிறுவனங்களின் பெயர் பொறித்திருக்கும். உண்மையான அக்கடிகாரம் பல இலட்சம் ரூபாய் பெறும். இதுவோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

இரண்டையும் அருகருகே வைத்தால் வட்ட முகமும், பளபளக்கும் விளிம்பும், முகத்தினுள் அமைந்த மூன்று சிறு வட்டங்களும் ஒன்றுபோலவே தோன்றும். சற்று உற்று நோக்கினால்தான் உண்மை வெளிப்படும். அச்சிறு வட்டங்கள் நொடியையும், கழிந்த நிமிடத்தையும் மணியையும் தனித்தனியே அளந்து காட்டுவதற்காக ஏற்பட்டவை. போலிக் கடிகாரங்கள் பலவற்றில் அவ்வட்டங்களின் முட்கள் அசைவதே இல்லை. பார்ப்போரின் கண்ணை மயக்குவதற்காகவே அவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. முதலில் அவ்வடிவத்தைக் கண்டவன், பயன் கருதி வட்டத்தை அமைத்தான். அவனைப் பார்த்துச் செய்தவன் வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பயனை விட்டுவிட்டான்.

இலக்கணத்தில் போலி என்பது குற்றமாகாது. அறம் என்பது அறன் என்று ஆகும்போது எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. ஆதலின் அதனைப் புலவர்கள் ஏற்றுக்கொண்டனர். கலையில் தோன்றும் போலியோ இதற்கு நேர்மாறானது. அங்கே எழுத்து அப்படியே இருக்கும், பொருள் போய்விடும். இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கவிதையில் கண்டறிந்து உலகுக்கு உணர்த்துவதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்ட பெரியார் ஒருவர் இக்குற்றாலத்திலேயே வாழ்ந்தார். ரசிகமணி என்று தமிழகம் போற்றிய டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்களே அப்பெரியார்.

டி. கே. சி. 1882ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் பெயர் தீத்தாரப்ப முதலியார். அவர்தம் குடும்பத்தின் ஊர் தென்காசி. அவ்வூரின் பெயரே வடநாட்டுக் காசியிலிருந்து வந்தது. பராக்கிரம பாண்டிய மன்னன் காசி விசுவநாதரைத் தென்னாட்டு மக்கள் தம் நாட்டிலேயே வழிபடவேண்டும் என்று விரும்பி, 1446ஆம் ஆண்டில் இங்கே திருக்கோயில் எடுப்பிக்கத் தொடங்கினான். பெயரும் இறைவன் திருநாமமும் காசியினுடையவை. ஆயினும் கோயிலைக் காண்போர்க்குக் காசியின் நினைவு வருவதில்லை. மண்டபத்தூண்களில் உயிர்பெற்று நிற்கும் சிற்பங்கள் பாண்டி நாட்டுச் சிற்பியின் கைவண்ணத்தையே பேசுகின்றன. பிறரிடமிருந்து ஒன்றைப் பெற்று அதனைத் தமதாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதற்கு அக்கோயில் நல்ல சான்றாகும். டி. கே. சி.யின் இளமை அக்கோயிலின் நிழலில் கழிந்தது.

பள்ளிக் கல்வியை முடித்தபின் அவர் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பெற்றார். ஆங்கில இலக்கியத்தில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டாயிற்று. பின்னர்ச் சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகவும், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகவும் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆயினும் வழக்கும் பதவியும் அவர் உள்ளத்தை முழுதும் கவரவில்லை. தமிழ்க் கவிதையே அவர் உள்ளம் கவர்ந்த செல்வமாக இருந்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டில் வட்டவடிவமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. 1920ஆம் ஆண்டுகளில் நண்பர்கள் ஞாயிறுதோறும் மாலைப்பொழுதில் அங்கே கூடினர். அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வழங்கலாயிற்று. அதற்குத் தலைவர், செயலாளர் என்போர் இல்லை, சந்தாவும் இல்லை. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீநிவாச ராகவன், மகராஜன் போன்றோர் அவ்வட்டத்தில் அமர்ந்து தமிழின்பம் நுகர்ந்தனர். டி. கே. சி. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார். அதனை ஒருமுறை சொல்வார். சொற்களைப் பிரித்து மறுமுறை சொல்வார். ஓசை எங்கே ஓங்குகிறது, எங்கே தாழ்கிறது என்பது செவியில் பதியும்படி மீண்டும் சொல்வார். கேட்போர் உள்ளத்தில் பாடல் தானாகவே மலரும்.

அக்காலத்தில் செய்யுளைக் கற்கும் முறை வேறாக இருந்தது. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, அணி என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் பாடம் முடிந்துவிடும். எதுகையும் மோனையும் பொருந்தி, தளை தட்டாமல் வந்தால் அதனைக் கவிதை என்று கொள்வோர் பலர். டி. கே. சி. அவ்வாறு கொள்ளவில்லை. கவிஞனது இதயத்தில் எழுந்த உணர்ச்சி, தனக்கு ஏற்ற ஓசையையும் உருவத்தையும் தானே தேடிக்கொண்டு வெளிப்படுவதே கவிதை என்பது அவர் கொள்கை. உணர்ச்சி எழாதபோது யாப்பிலக்கணத்தின் துணையால் மட்டும் அமைக்கப்படுவதை அவர் கவிதை என்று ஏற்கவில்லை. தம் கட்டுரை நூல் ஒன்றுக்கு இதய ஒலி என்று அவர் பெயரிட்டதும் இக்கருத்துப் பற்றியே எனலாம்.

இக்கொள்கை வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. அவருடைய வாழ்வில் நேர்ந்த பெருந்துயர் ஒன்றும் அதற்குச் சான்றாயிற்று. அவர்தம் மைந்தர் தீத்தாரப்பன் இளமையிலேயே உயிர் நீத்தார். நம் நாட்டில் ஒருவர் மறைந்தால் இரங்கற்பா எழுதும் வழக்கம் உண்டு. அவற்றுட் பல, இறந்தார் பெயரை மட்டும் மாற்றி வேறொருவர்க்கும் சொல்லத்தக்கனவாக இருக்கும். அவ்வேளையில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதியனுப்பிய பாடலோ அத்தகையதாக இல்லை. நண்பரின் துயரைத் தம் துயராகக் கொண்ட உள்ளத்திலிருந்து அது பிறந்திருந்தது. மகனை இழந்த தந்தை அப்பாடலைப் படித்து, அதன் கவிச்சுவையிலேயே ஆறுதல் பெற்றார் என்று அவர் நண்பர்கள் வியந்து கூறுவர். பொய்யான ஒன்று அந்நிலையில் ஆறுதல் அளித்திருக்குமா?

வாழ்வின் பிற்பகுதியில் டி. கே. சி. குற்றாலத்தில் குடியேறினார். அவர் இல்லம் விருந்தினர்க்கு எந்நேரமும் திறந்திருந்தது. மனைவியார் பிச்சம்மாள் வந்தோரை அன்புடன் உபசரித்தார். இராஜாஜி, கல்கி முதலிய பெருமக்கள் அங்கே வந்து தங்கி, அருவியிலும் கவிதையிலும் மாறிமாறி நீராடினர். வர இயலாத நண்பர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். பேசுவதுபோலவே எழுதிய அக்கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளிவந்து, தமிழ் உரைநடைக்கு அணியாக விளங்குகின்றன.

குற்றாலம் திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சிக்கு உரிய ஊர். தலைவனின் உலா, தலைவியின் காதல், குறத்தி குறி சொல்லுதல், குறவன் அவளைத் தேடி வருதல் என்பன குறவஞ்சி நூல்கள் யாவற்றுக்கும் பொதுவானவை. அச்சட்டத்தில் அமைந்த நூல்கள் தமிழில் பல உண்டு. ஆயினும் மக்கள் நாவில் பெரிதும் நிலைபெற்றது குற்றாலக் குறவஞ்சியே. கவிராயர் சட்டத்தைப் பிறரிடமிருந்து பெற்றார். அதனுள் ஓடும் அருவியைத் தம் மலையிலிருந்து கொண்டுவந்தார். டி. கே. சி. அந்நூலைப் பெரிதும் சுவைத்துப் போற்றியவர்.

பழைய இலக்கணிகளும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். நூலை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று அவர்கள் மூவகைப்படுத்தினர். முதல்நூலின் கருத்தைப் பின்பற்றினும், தான் விரும்பிய வேறுபாட்டையும் உடையது வழிநூல். கம்பர் வான்மீகியின் கதையை எடுத்துக்கொண்டார். அதனால் அவரைப் போலி என்று சொல்வார் உளரோ? கவிமணியின் ஆசிய ஜோதி, எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞரின் நூலைத் தழுவியது. படிப்போர்க்கு அது தழுவல் என்ற நினைவே எழுவதில்லை. பெற்றுக்கொள்ளுதல் குற்றம் இல்லை. பெற்றதற்குத் தன் உயிரை ஊட்டாமையே குற்றம்.

கடிகாரத் தொழிலிலும் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. 1747ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிறந்து, பாரிசு நகரில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே என்பவர் கடிகாரக் கலைஞருள் தலைசிறந்தவர். புவியீர்ப்பினால் கடிகாரத்தில் நேரும் பிழையைக் குறைக்க, அதன் சமநிலைச் சக்கரத்தையே ஒரு கூட்டினுள் வைத்துச் சுழலச் செய்தார். 1801ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். இலண்டனில் வாழ்ந்த ஜான் ஆர்னால்டு என்னும் கலைஞரும் அவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர். ஆர்னால்டு மறைந்தபின், பிரெகே தம் புதிய அமைப்பை அவர் செய்த கடிகாரம் ஒன்றிலே பொருத்தி, நண்பரின் நினைவாக அவர் மகனுக்கு 1808இல் பரிசளித்தார். யாரிடம் என்ன பெற்றோம் என்பதை மறைக்காமல் அதன்மேல் எழுதியும் வைத்தார். அதே பிரெகேயின் பெயரைத் திருட்டுத்தனமாகப் பொறித்து மட்டமான கடிகாரம் விற்றவர்களும் இருந்தனர். அவர்களைத் தடுக்க, 1795ஆம் ஆண்டை ஒட்டி, அவர் கடிகார முகத்தில் மிக நுண்ணிய கையொப்பம் ஒன்றை இடத் தொடங்கினார். சாய்வாக ஒளி படும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

கம்பர் தம் பாடல்களில் அத்தகைய மறைவான கையொப்பம் எதனையும் இட்டுச் செல்லவில்லை. அவருடைய காவியம் பல நூற்றாண்டுகள் பனையோலையிலேயே வாழ்ந்தது. படி எடுத்தோர் பலர், கதைசொல்லியோர் பலர். ஓர் இடத்தில் கதையை நீட்டவேண்டும் என்று கருதியவர் ஒரு பாடலைச் சேர்த்தார். தம் புலமையைக் காட்ட விரும்பியவர் சிலேடையும் மடக்கும் அமைத்து வேறொன்றைச் சேர்த்தார். ஓரத்தில் எழுதியதை அடுத்துப் படி எடுத்தவர் நூலுக்குள்ளேயே எழுதிவிட்டார். இவ்வாறு புகுந்தவற்றை இடைச்செருகல் என்பர். வெள்ளி பாடல் என்று வழங்கும் மரபும் புலவரிடையே உண்டு. கம்பரின் விருத்தம், கம்பரின் சொற்கள், கம்பரின் உவமை யாவும் அப்பாடல்களில் இருக்கும். அசையாத முட்களையுடைய சிறு வட்டங்களைப்போல அவை நூலின் முகத்தில் அமர்ந்திருக்கும்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காவியத்துள் கம்பரின் கையொப்பத்தைத் தேடத் துணிந்தார் டி. கே. சி. அவர் ஏந்திய விளக்கு அவருடைய செவியும் இதயமுமே ஆகும். ஒரு பாடல் கதையை முன்னே செலுத்துகிறதா? பேசும் பாத்திரத்தின் உள்ளம் அதில் துடிக்கிறதா? ஓசை உணர்ச்சியோடு ஒன்றி நடக்கிறதா? இவற்றைக் கேட்டுக்கேட்டு ஒவ்வொரு பாடலையும் சோதித்தார். சோதனையில் தேறியவற்றைக் கம்பர் வாக்கு என்று கொண்டார், ஏனையவற்றை விலக்கினார். சந்தி பிரித்து, பொருளும் தாளமும் விளங்கும்படி அடிகளை அமைத்து, எளிய விளக்கத்துடன் கல்கி இதழில் எழுதினார். கம்பர் தரும் இராமாயணம் என்னும் பெயரில் அவை நூலாகவும் வெளிவந்தன. புலவர் அவையில் மட்டும் வழங்கிய கம்பர், அலுவலகம் செல்வோர் கையிலும் இல்லத்தரசியர் கையிலும் தவழ்ந்தார். முத்தொள்ளாயிரப் பாடல்களையும் அவர் இவ்வாறே மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

புலவர் உலகில் இம்முயற்சிக்குப் பெருத்த எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர்க்குச் சுவைப்பது மற்றொருவர்க்குச் சுவையாமல் போகலாம். மிகப் பெரிய கவிஞனும் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் பறப்பதில்லை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்காமல் தம் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு பாடலைக் கம்பருடையது இல்லை என்று எவ்வாறு துணிவது? அவர் விலக்கியவற்றுள் பல, தமிழறிஞர் தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் வைத்துப் போற்றியவை. அன்றியும், சில பாடல்களில் சொற்களையே அவர் மாற்றிவிட்டார் என்றும் அறிஞர்கள் குறை கூறினர். போலியை நீக்கப் புகுந்தவர் தம் சொல்லையே கம்பர் சொல்லாக வைத்துவிட்டால், அதுவும் இடைச்செருகல் ஆகாதா? இவ்வினாவுக்கு டி. கே. சி.யை மிகவும் நேசிப்போரும் எளிதில் விடை கூற இயலாது.

மரபு வழியில் தமிழ் கற்றோர் இவ்விடத்தில் நடுநிலை பிறழாமல் பேசுதல் வேண்டும். அவர் தந்த விடை முழுவதையும் பின்வந்தோர் ஏற்றுக்கொள்ளவில்லை. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த பேரறிஞர்கள், ஐயத்துக்குரிய பாடல்களை அழிக்காமல், மிகைப் பாடல்கள் என்று தனியே தொகுத்து வைத்தனர். அதுவே நேரிய முறை. ஆயினும் அவர் எழுப்பிய வினாவைத் தள்ளிவிட ஒருவராலும் இயலவில்லை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காகவும், பெரியோர் பெயரைத் தாங்கியுள்ளது என்பதற்காகவும் ஒன்றைக் கவிதை என்று ஏற்றுக்கொள்ளலாகாது என்பதை அவர் நமக்குக் கற்பித்தார். சுவடியைப் பார்ப்பவருக்குச் சுவையும் வேண்டும். சுவையை நம்புபவருக்குச் சுவடியும் வேண்டும்.

போலியை அவர் கவிதையில் மட்டும் கண்டிக்கவில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் பொருள் விளங்காத பிறமொழிப் பாடல்களையே பாடுவதும், அவற்றைக் கேட்டுப் பொருள் விளங்கியதுபோல் தலையசைப்பதும் அக்காலத்து வழக்கமாக இருந்தன. தமிழிசை இயக்கம் 1940ஆம் ஆண்டுகளில் வலுப்பெற்றபோது டி. கே. சி. அதற்கு உறுதுணையாக நின்றார். ஆங்கிலம் கற்றோர் தம்முள் ஆங்கிலத்திலேயே உரையாடுவதைப் பெருமையாகக் கருதிய நாளில், எத்தகைய நுண்ணிய கருத்தையும் தமிழிலேயே சொல்ல முடியும் என்று பேசிக் காட்டினார். ஆங்கிலக் கவிஞர்களை அவர் மனமார மதித்தார். மதித்ததனாலேயே, அவர்களைப்போல நடிப்பதை அவர் விரும்பவில்லை.

1954ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் டி. கே. சி. குற்றாலத்தில் மறைந்தார். அவர் எழுதிய நூல்கள் அளவில் மிகப் பல என்று சொல்வதற்கில்லை. காவியம் ஒன்றும் அவர் பாடவில்லை. பிறர் பாடியதைக் கேட்கும் செவியை உண்டாக்கியதே அவர் செய்த தொண்டு. கவிஞனைப்போலவே ரசிகனும் ஒரு நாட்டுக்கு இன்றியமையாதவன் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. வாங்குவோர் இருக்கும்வரை போலிக் கடிகாரம் விற்கப்படும். ஏமாறும் செவிகள் இருக்கும்வரை போலிக் கவிதையும் எழுதப்படும். தேர்ந்த ரசிகர்கள் பெருகினால் போலிக்கு இடம் ஏது?

மாணவர்களே! நீங்கள் ஒரு பாடலைக் கற்கும்போது உரைநூலைத் திறப்பதற்கு முன், அப்பாடலை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் உள்ளத்தில் தோன்றியது யாது என்பதை ஒரே வரியில் உங்கள் சொல்லால் எழுதுங்கள். அதன்பின் உரையைப் பாருங்கள். உங்கள் கருத்துப் பிழையாக இருந்தால் உரை திருத்தும், அதற்காக நாணவேண்டா. பிறர் எழுதிய பத்து வரிகளைப் பார்த்து எழுதுவதைக் காட்டிலும், நீங்களாக எழுதிய அவ்வொரு வரி மேலானது. அது சிறிதாயினும், அதன் முள் அசையும்.